பொத்தானும் வாளும்

வீடியோ விளையாட்டு என்ற சொல் காதில் விழுந்தவுடன் நம் இல்லங்களில் பெரியவர்கள் முகம் சுளிப்பதும், பிள்ளைகள் முகம் மலர்வதும் வழக்கம். கண் கெடும், படிப்புக் கெடும் என்ற பழைய வழக்கை இங்கே மீண்டும் எடுத்து விசாரிக்க நாம் முற்படவில்லை. அவ்விளையாட்டுகளுள் கதை சொல்வதையே தொழிலாகக் கொண்ட ஓரினம் உண்டு. அந்தக் கதை விளையாட்டுகளை ஆடுவோர் கையில், பொத்தானுக்குப் பதிலாக ஒரு வாளைக் கொடுத்துப் பார்த்த சோதனை ஒன்று சில ஆண்டுகள் மும்முரமாக நடந்து, பின்னர் ஓய்ந்தது. அது ஏன் தொடங்கிற்று, ஏன் ஓய்ந்தது, அதனால் விளையாட்டின் வாயிலில் நுழைந்தவர் யார், வெளியே நின்றவர் யார் என்பவற்றை ஆராய்வதே நம் நோக்கம்.

இவ்வினத்தை ஆங்கிலத்தில் சுருக்கமாக ஆர்.பி.ஜி. என்பர். ‘பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு’ என்று நாம் சொல்லிக் கொள்ளலாம். ஆடுபவர் கதைத்தலைவனாகப் புறப்பட்டு, ஊர் ஊராகச் சென்று, துணைவரைச் சேர்த்து, அரக்கரை வென்று, படிப்படியாக வலிமை பெறுகிறார். இதில் விரல் வேகத்துக்கு மதிப்பு மிகக் குறைவு. பொறுமைக்கும் யோசனைக்கும்தான் மதிப்பு. வாரந்தோறும் தொடர்கதைக்குக் காத்திருந்து படித்துப் பழகிய தலைமுறைக்கு இதன் சுவை எளிதில் விளங்கும்.

ஜப்பானில் இவ்வினத்தை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது ‘டிராகன் குவெஸ்ட்’ என்னும் விளையாட்டாகும். எனிக்ஸ் நிறுவனம் 1986 மே 27 அன்று நின்டெண்டோவின் ஃபேமிகாம் இயந்திரத்துக்கென அதனை வெளியிட்டது. கதையும் அமைப்பும் யூஜி ஹோரியினுடையவை. அரக்கர்களுக்கு உருக் கொடுத்தவர் சித்திரக்கதை ஓவியர் அகிரா டோரியாமா. இசை கோயிச்சி சுகியாமா. முழு விளையாட்டும் 64 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அதைப்போல் பல மடங்கு இடம் வேண்டும். ஆடிய நிலையைச் சேமித்து வைக்க அதில் வழியில்லை. ஆகவே இருபது எழுத்து கொண்ட ஒரு ‘மந்திரத்தை’த் திரையில் காட்டும். பிள்ளைகள் அதனை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் பிழையின்றித் திரும்ப இட வேண்டும். ஓரெழுத்து மாறினாலும் அன்றுவரை ஈட்டியதெல்லாம் போயிற்று. அச்சுப் பிழையின் கொடுமையை அறிந்த நமக்கு அப்பிள்ளைகளிடம் அனுதாபம் பிறப்பது இயற்கைதானே!

அதில் போர் நடக்கும் விதம் நம் கட்டுரைக்கு முக்கியமானது. திரையில் அரக்கன் நம்மை நேருக்கு நேர் பார்த்து நிற்பான். நம் வீரன் திரையில் தென்படவே மாட்டான். அருகே ஒரு சிறு கட்டத்தில் நான்கு கட்டளைகள் இருக்கும்: தாக்கு, மந்திரம், ஓடு, பொருள். ‘தாக்கு’ என்பதைத் தேர்ந்தால், வீரன் தாக்கினான், அரக்கனுக்கு இத்தனை சேதம் என்று எழுத்தால் ஒரு வரி ஓடும். அவ்வளவுதான். வாள் எங்கே? அதை எழுத்து சொல்லிற்று; படிப்பவர் மனம் பார்த்துக் கொண்டது. புராணம் கேட்பவர் போர்க்களத்தைக் கண்ணால் கண்டா கேட்கிறார்?

1988 பிப்ரவரி 10 அன்று இத்தொடரின் மூன்றாம் பாகம் வெளிவந்தபோது, கடைகளின் முன் நின்ற வரிசை நாட்டுச் செய்தியாயிற்று. வேலை நாட்களில் இத்தொடரை வெளியிடக்கூடாது என்று ஜப்பானிய அரசே சட்டமியற்றியதாகப் பின்னர் ஒரு கதை உலகெங்கும் பரவிற்று. அது வெறுங்கதை. ஆனால் அப்படியொரு கதை நம்பப்பட்டது என்பதே அத்தொடருக்கு அந்நாட்டில் இருந்த இடத்தைக் காட்டும்.

அரக்கன் நேருக்கு நேர் நிற்கிறான். ஆடுபவரின் கண்ணே வீரனின் கண். எனில் ஆடுபவரின் கையையே வீரனின் கையாக்கினால் என்ன? இவ்வெண்ணம் எவருக்கேனும் தோன்றாமல் இராது. எனிக்ஸும் ஸ்கொயர் நிறுவனமும் 2003 ஏப்ரலில் ஒன்றாக இணைந்தன. அவ்வாண்டு செப்டம்பரிலேயே ‘கென்ஷின் டிராகன் குவெஸ்ட்’ என்ற ஒரு பொம்மை விற்பனைக்கு வந்தது. அதனைப் பொம்மை என்றே சொல்ல வேண்டும். தனி இயந்திரம் எதுவும் வேண்டாமல் தொலைக்காட்சிப் பெட்டியில் நேரே இணைக்கத்தக்க ஒரு பெட்டியும், கையில் ஏந்த ஒரு வாளும் அதில் இருந்தன. பெட்டி வீசும் அகச்சிவப்பு ஒளி வாளில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு வாள் எத்திசையில் வீசப்பட்டது என்று கணித்தனர். கதை, 1986-ஆம் ஆண்டின் அதே முதற்கதை. பதினேழு ஆண்டுகளுக்கு முன் ‘தாக்கு’ என்ற சொல்லைத் தேர்ந்த சிறுவன், இப்பொழுது வளர்ந்த ஆளாகி, தன் வரவேற்பறையில் நின்று வாளைச் சுழற்றினான்.

இம்முயற்சி பரந்த அரங்கத்துக்கு வந்தது நின்டெண்டோவின் ‘வீ’ இயந்திரத்தால். 2006 நவம்பரில் அமெரிக்காவிலும், டிசம்பரில் ஜப்பானிலும் வெளியான அவ்வியந்திரத்தின் கைக்கருவி, தொலைக்காட்சியின் ரிமோட்டைப் போன்றதே. அதனுள்ளே முடுக்கமானி என்னும் ஒரு நுண்கருவி உண்டு. சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய பாரம் ஒன்று, அதே சிலிக்கானால் ஆன வில்களில் தொங்குகிறது. கையை அசைத்தால் பாரம் சற்றே இடம் பெயரும். அப்பெயர்ச்சி மின்னளவில் ஏற்படுத்தும் மாற்றத்தைக் கருவி படித்துக் கொள்ளும். கருவியின் முனையில் ஓர் அகச்சிவப்புக் கேமராவும் இருந்தது. தொலைக்காட்சியின் மேல் வைக்கும் பட்டையிலுள்ள விளக்குகளைப் பார்த்து, நாம் திரையில் எவ்விடத்தைச் சுட்டுகிறோம் என்பதை அது அறியும்.

இதில் ஒரு குறை உண்டு. முடுக்கமானி வேகமாற்றத்தை அறியுமேயன்றிக் கை இருக்கும் இடத்தை அறியாது. புவியீர்ப்பு எது, கையின் வீச்சு எது என்று பிரித்தறிவதிலும் அது தடுமாறும். நாம் மேலிருந்து கீழாகத் தோளை உயர்த்தி வெட்டினாலும், மணிக்கட்டை மட்டும் சுண்டினாலும் அதற்கு ஏறக்குறைய ஒன்றே. இதனை ஈடுசெய்ய, சுழற்சியை அளக்கும் ஜைராஸ்கோப்பு ஒன்றை 2009-இல் தனி இணைப்பாக நின்டெண்டோ விற்றது. நாம் சொல்லப்போகும் விளையாட்டு அதற்கு முந்தியது.

2007 ஜூலை 12 அன்று ஜப்பானில் ‘டிராகன் குவெஸ்ட் ஸ்வார்ட்ஸ்’ வெளியாயிற்று. 2008-இல் பிற நாடுகளை அடைந்தது. முகமூடி அணிந்த ஓர் அரசி, கண்ணாடிக் கோபுரம் ஒன்று, பதினாறு வயது நிரம்பிப் பரீட்சைக்குப் புறப்படும் ஓர் இளைஞன் என்று கதை அமைந்திருந்தது. மகாபாரதத்தில் நளன் கதை வருவதைப் போல, பெரிய தொடரின் பக்கத்தில் முளைத்த ஒரு கிளைக்கதை அது. ஆடுபவர் கருவியை வீசினால் திரையில் வாள் வெட்டும். முன்னே குத்தினால் குத்தும். வெட்டு எந்தப் புள்ளி வழியே செல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே குறித்து வைக்கவும் வழியிருந்தது. பறந்து வரும் கற்களைக் கேடயத்தால் தடுக்கலாம். டோரியாமாவின் அரக்கர்கள் ‘ஸ்லைம்’ முதலாகப் பழைய முகங்களுடன் வரிசையாக வந்து நின்றார்கள். பாட்டனாரும் பேரனும் ஒன்றாகச் சோபாவில் அமர்ந்து மாறிமாறி வாள் வீசத்தக்க விளையாட்டு அது. அதனை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம்.

எனினும் அதற்குக் கொடுத்த விலை பெரிது. மூலத்தொடரில் ஆடுபவர் எங்கு வேண்டுமானாலும் செல்லலாம். கடலைக் கடக்கலாம், ஒரு கிராமத்துக் கிணற்றில் இறங்கிப் பார்க்கலாம், வழி தவறலாம். இங்கோ வழி ஒன்றுதான். தண்டவாளத்தில் செல்லும் வண்டியைப் போல வீரன் போட்ட பாதையில் முன்னே நடப்பான். குறித்த இடத்தில் நிற்பான். அங்கே அரக்கர் வருவர். வெட்டி முடித்தால் மீண்டும் நடை. ஒரு கையில் வாளை வீசிக்கொண்டே மறுபுறம் உலகில் சுற்றித் திரிவது எப்படி என்ற கேள்விக்கு விடை கிடைக்காமையால், சுற்றித் திரிவதையே நீக்கிவிட்டனர். 2004-இல் வந்த எட்டாம் பாகம் பல வாரங்கள் துணையிருக்கும் நூலாயிருக்க, இது பத்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்று விமரிசகர்கள் குறை கூறினர். குறை உண்மைதான், ஆனால் அதன் காரணம் தோளில் இருக்கிறது என்பது நம் கருத்து. கையை உயர்த்தி நெடுநேரம் வேலை செய்தால் வரும் சோர்வைக் கணினித் துறையினர் ‘கொரில்லாக் கை’ என்றே பெயரிட்டு வைத்திருக்கின்றனர். பொத்தானை நாற்பது மணி நேரம் அழுத்தலாம். வாளை நாற்பது மணி நேரம் வீச எவரால் இயலும்?

வீசும்போது கருவி கை நழுவிப் பறப்பதும் நிகழ்ந்தது. தொடக்கத்தில் கொடுக்கப்பட்ட மணிக்கட்டுக் கயிறு மெல்லியதாயிருந்து அறுந்தமையால், 2006 டிசம்பரில், அதாவது இயந்திரம் கடைக்கு வந்த ஒரு மாதத்திற்குள், நின்டெண்டோ சுமார் 32 லட்சம் கயிறுகளை மாற்றித் தர முன்வந்தது. மறு ஆண்டு கருவிக்கு மெத்தென்ற உறை ஒன்றும் இலவசமாயிற்று. நல்ல வேளையாக, கதைத்தலைவனின் வாளுக்கு இத்தகைய கயிறு கட்டப்பட்டதாக எந்தக் காவியமும் கூறவில்லை!

இதே காலத்தில் ஜப்பானிய இரசிகர்கள் ஒரு தீர்ப்பை வழங்கினர். அது பலருக்கு நினைவில்லை. 2006 டிசம்பரில் ஒன்பதாம் பாகத்தை அறிவித்தபோது, கட்டளைக் கட்டத்தை விட்டொழித்து, உடனுக்குடன் வெட்டிச் சண்டையிடும் முறையில் அது அமையும் என்று காட்டினர். இரசிகர்கள் கொதித்தெழுந்தனர். தயாரிப்பாளர்கள் பின்வாங்கி, பழையபடி முறை வைத்துக் கட்டளையிடும் போரையே திரும்பக் கொணர்ந்தனர். 2009 ஜூலை 11 அன்று வெளியான அப்பாகம் ஜப்பானில் மட்டும் நாற்பது லட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. 2012-இல் பத்தாம் பாகம் வந்தது, அதுவும் அதே வீ இயந்திரத்துக்கே. வாள் வீசுவதற்கென்றே பிறந்த கருவி கையில் இருந்தும், அதில் வாள் வீச்சு இல்லை. ‘தாக்கு’ என்னும் கட்டளைதான் இருந்தது. கிளைக்கதையில் எதையும் செய்து பார்க்கலாம், மூலத்தில் கை வைக்காதே என்று அவர்கள் சொல்லாமல் சொன்னார்கள்.

‘ஃபைனல் ஃபேன்டஸி’ என்ற மற்றொரு பெருந்தொடரும் இவ்வழியில் ஒரு கிளையை விட்டது. ‘கிரிஸ்டல் பேரர்ஸ்’ என்ற அவ்விளையாட்டு 2009 நவம்பரில் வீ இயந்திரத்துக்கு வந்தது. அதன் தலைவன் லேல் என்பவனிடம் வாள் இல்லை. பொருள்களின் எடையை ஆளும் ஆற்றல் உண்டு. கருவியால் ஒன்றைச் சுட்டிப் பிடித்துத் தூக்கி எறியலாம். வாளை அப்படியே நகல் செய்ய முயலாது, கருவிக்கு எது இயல்போ அதையே கதைத்தலைவனுக்கு ஆற்றலாக்கியது புத்திசாலித்தனம் என்றே கருதுகிறோம்.

அடுத்த கட்டம் அமெரிக்காவின் மைக்ரோஸாஃப்ட் தொடங்கியது. கையில் கருவியே வேண்டாம், உடலே கருவி என்பது அதன் முழக்கம். 2010 நவம்பரில் வந்த ‘கினெக்ட்’, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுதும் தெளித்து, அவை விழும் விதத்தைக் கேமராவால் படித்து, எதிரே நிற்பவரின் உடலில் இருபது மூட்டுகளை இனங்கண்டு பின்தொடர்ந்தது. முதல் அறுபது நாட்களில் எண்பது லட்சம் விற்றுக் கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றது. பிரிட்டனின் லயன்ஹெட் நிறுவனம் 2004-இல் தொடங்கிய ‘ஃபேபிள்’ என்னும் கதைத்தொடரின் கிளையாக, 2012 அக்டோபரில் ‘ஃபேபிள்: தி ஜர்னி’ இதற்கென வந்தது. நாற்காலியில் அமர்ந்தபடியே கைகளைக் கடிவாளம் பிடிப்பது போல நீட்டிக் குதிரை வண்டியை ஓட்ட வேண்டும். கையசைத்து மந்திரம் எறிய வேண்டும். இங்கும் வழி ஒன்றுதான். விருப்பம் போல் நல்லவனாகவோ தீயவனாகவோ வாழலாம், எங்கும் செல்லலாம் என்பதற்கே பெயர் பெற்ற தொடரில், வண்டி போகும் பாதை மட்டும் எஞ்சிற்று. தொடரைத் தோற்றுவித்த பீட்டர் மொலினோ அது வெளிவருமுன்பே நிறுவனத்தை விட்டு விலகியிருந்தார். 2016-இல் லயன்ஹெட் மூடப்பட்டது. அதற்கு இவ்வொரு விளையாட்டே காரணம் என்பது பொருத்தமாகாது.

இனி இடப் பிரச்சினை. கினெக்ட் ஒருவருக்கு ஆறடி தூரமும் இருவர் சேர்ந்தாட எட்டடி தூரமும் கேட்டது. அதாவது தொலைக்காட்சிக்கும் ஆடுபவருக்கும் நடுவே மேசை, நாற்காலி, துணி உலர்த்தும் கொடி எதுவுமின்றி வெற்றிடமாக எட்டடி. மும்பையிலும் தில்லியிலும் ஓர் அறையும் சமையற்கட்டும் கொண்ட குடியிருப்புகளில் நான்கைந்து பேராக வாழ்ந்து பழகிய நம் குடும்பங்களுக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஜப்பானிய நகரத்து இல்லங்களும் இவ்வகையில் நமக்கு உறவினரே. அமெரிக்கப் புறநகர் வீட்டின் அகன்ற கூடத்தை மனத்தில் வைத்து வரையப்பட்ட விளையாட்டு அது. பொத்தான் விளையாட்டோ, பாயின் ஓரத்தில் சுவரில் சாய்ந்து, பக்கத்தில் ஒருவர் உறங்கிக் கொண்டிருக்கவும் ஆடத்தக்கது.

இடத்தைவிடக் கடுமையான கேள்வி உடலைப் பற்றியது. அசைவு விளையாட்டுகள் வந்தபோது, விளையாட்டு இனி எல்லோருக்கும் உரியது என்று கொண்டாடினார்கள். அது பெருமளவு உண்மை. சிக்கலான பொத்தான்களைக் கண்டு அஞ்சிய முதியோர் வீ கருவியை எளிதாகப் பற்றினர். மருத்துவமனைகளில் உடற்பயிற்சிச் சிகிச்சைக்கும் அது பயன்பட்டது. ஆனால், ஒரு கை மட்டுமே இயங்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். பக்கவாதத்தால் தோளை உயர்த்த இயலாதவரையும், சக்கர நாற்காலியில் அமர்ந்தவரையும், முடக்குவாதத்தால் மணிக்கட்டு வீங்கியவரையும் நினைத்துப் பாருங்கள். பழைய டிராகன் குவெஸ்ட் அவர்களுக்கு முழுமையாகத் திறந்திருந்தது. விரைவு வேண்டாம், நீங்கள் கட்டளையிடும் வரை அரக்கன் காத்திருப்பான், ஒரு விரல் போதும். அவர்களும் எவருக்கும் குறைவின்றி உலகத்தைக் காத்தார்கள். வாள் வந்தவுடன், வீரனாக இருக்க ஆடுபவரும் வீரனின் உடலைக் கொண்டிருக்க வேண்டுமென்ற நிபந்தனை சத்தமின்றிச் சேர்ந்துவிட்டது. எல்லோருக்கும் திறந்ததாகச் சொல்லப்பட்ட கதவு, முன்பு உள்ளே இருந்த சிலரை வெளியேற்றியது. சந்தைக் கணக்கில் இவர்கள் தென்படவில்லை என்பது நமக்கு வருத்தமே.

பின்னர் அத்தவற்றைச் சீர்செய்யும் முயற்சிகளும் நடந்தன. கினெக்ட்டை விற்ற அதே மைக்ரோஸாஃப்ட் 2017-இல் அதன் உற்பத்தியை நிறுத்தியது. 2018 செப்டம்பரில், உடற்குறை உள்ளோருக்கென ஒரு கருவியை வெளியிட்டது. உள்ளங்கையளவு பெரிய இரு பொத்தான்களும், கால்மிதி, ஊதுகுழல் முதலிய துணைக்கருவிகளை இணைக்கும் துளைகளும் அதில் உண்டு. நின்டெண்டோவும், வாள் வீச்சையே உயிராகக் கொண்டு 2011-இல் வெளியிட்ட ‘ஸெல்டா: ஸ்கைவர்ட் ஸ்வார்ட்’ விளையாட்டை 2021 ஜூலையில் மறுபதிப்பாகக் கொணர்ந்தபோது, கையை வீசாமலேயே சிறு குமிழைத் தள்ளி வாளைச் செலுத்தும் மாற்று வழியையும் வைத்தது. முதலில் கட்டாயமாயிருந்தது, பத்தாண்டுகளுக்குப் பின் விருப்பமாயிற்று. ஸெல்டாவை ஆர்.பி.ஜி. இனத்தில் சேர்க்கலாமா என்று இரசிகர்கள் சண்டையிடுவர். அதில் நாம் தலையிடவில்லை.

கினெக்ட்டின் நுட்பம் முற்றும் வீணாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதன் புள்ளி தெளிக்கும் முறையைத் தந்த இஸ்ரேலிய நிறுவனமான பிரைம்சென்ஸை 2013-இல் ஆப்பிள் வாங்கிற்று. 2017 முதல் அந்நிறுவனக் கைப்பேசிகள் உரிமையாளரின் முகத்தை அத்தகைய புள்ளிகளால் அறிந்து பூட்டைத் திறக்கின்றன. நம் பிள்ளைகள் பையில் சுமப்பது வரவேற்பறையில் நின்ற அந்தக் கண்ணின் தம்பியைத்தான்.

டிராகன் குவெஸ்ட்டோ உடலை முற்றிலும் மறந்துவிடவில்லை. டோக்கியோவின் ஷின்ஜுகுவில் 2018-இல் நால்வர் சேர்ந்து, கண்ணை மறைக்கும் கவசமணிந்து, வாளும் கேடயமும் ஏந்தி ஆடும் ஓர் அரங்கம் அமைத்தார்கள். அடுத்த ஆண்டே அக்கூடம் மூடப்பட்டது. நிலைத்தது வேறொன்று. 2019 செப்டம்பர் 12 அன்று ‘டிராகன் குவெஸ்ட் வாக்’ என்னும் கைப்பேசி விளையாட்டு ஜப்பானில் தொடங்கியது. ஆடுபவர் தம் ஊர்த் தெருக்களில் உண்மையாகவே நடக்க வேண்டும். செயற்கைக்கோள் உதவியால் அவர் இருக்குமிடம் அறியப்பட்டு, அவ்வூரின் வரைபடமே கதை நிலமாகிறது. நடக்கும் வழியில் ஸ்லைம்கள் எதிர்ப்படுகின்றன. தோளை வருத்துவதில்லை, எட்டடி அறை கேட்பதில்லை. சந்தைக்குப் போய்த் திரும்பும் நடையும் கணக்கில் சேரும். நடக்க இயலாதவரின் கேள்வி மட்டும் இங்கும் நிற்கிறது. அரக்கன் எதிர்ப்பட்டதும் வீதியில் எவரும் கையை வீசுவதில்லை. திரையில் பழைய கட்டம் விரிகிறது. அதில் முதற்கட்டளை 1986-இல் இருந்ததுதான்.